சம்பந்தி எடுக்காத லீவு

சட்டைக் கம்பெனி நொடித்துப்போய்ப் பூட்டிய பிறகு, கோர்ட் நியமித்த அதிகாரி கேன்டீனில் மேசை போட்டு உட்கார்ந்தார். எடுக்காத லீவுக்கு உரிய பணத்தை வேலை பார்த்தவர்கள் கேட்டு எழுதிக் கொடுக்கலாம் என்று சொல்லியனுப்பினார். எல்லோரும் ஓடினார்கள், கட்டிங் மாஸ்டரைத் தவிர.

"உங்களுக்கு மலை மாதிரி லீவு கிடக்கு. போய்க் கேளுங்களேன்," என்றாள் மனைவி.

"யார்கிட்ட? முதலாளி நம்ம சம்பந்தி. விழுந்து கிடக்கிற மனுஷன்கிட்ட கை நீட்டினா, நம்ம பொண்ணு அந்த வீட்டுல எப்படித் தலை நிமிர்ந்து நடப்பா?"

"அப்போ வாடகைக்குப் பதிலா உங்க கௌரவத்தைக் கொடுத்துடலாமா?"

மாஸ்டர் சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தனக்கு எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரக் கிளம்பினார். சம்பந்தி ஊருக்குப் போகும்போதெல்லாம் தன்னிடம் விட்டுப்போகும் கம்பெனியின் மாற்றுச் சாவியையும் ஒப்படைக்க எடுத்துக்கொண்டார்.

கேன்டீன் வாசலிலேயே கால் நின்றுவிட்டது. அதிகாரியின் எதிரே உட்கார்ந்திருந்தவர் சம்பந்தி.

"நானும் டைரக்டர்னு மாசச் சம்பளம் வாங்கின ஆள்தான் சார். ஒரு நாள் லீவு எடுத்ததில்லை. அதுக்கு உண்டானதைப் போட்டுக் கொடுங்க."

மாஸ்டர் மேசையை நோக்கி நடந்தார். கோடை தவறாமல் மலைவாசஸ்தலம் போய்க் குளிரக் குளிர இருந்துவிட்டு வந்த மனிதர்! அந்த நாளெல்லாம் கம்பெனியோடு மாரடித்தது யார்?

சம்பந்தி திரும்பினார். முகம் வெளிறியது, வாய் மட்டும் சிரித்தது. "வாங்க சம்பந்தி! இவரையே கேளுங்க சார், நான் லீவு போட்டுப் பார்த்திருக்காரான்னு." பிறகு மெதுவாக, "பொண்ணு நம்ம வீட்டுல சௌக்கியமா இருக்கா," என்றார்.

அந்த வார்த்தை சுட்டது. மாஸ்டர் சாவியை மேசைமேல் வைத்தார்.

"இவர் ஊர்ல இல்லாத நாளெல்லாம் இது என் பையில இருந்தது சார். எனக்கு லீவு கிடைக்காததே அதனாலதான். என் பேரை எழுதிக்கோங்க."

"சம்பந்தி! குடும்ப மானம்..."

"அதுக்காகத்தான் ஒண்ணும் கேட்காம போகலாம்னு வந்தேன். நீங்க முந்திக்கிட்டீங்க."

வெளியே வந்ததும் மகளுக்குப் போன் போட்டார்.

"அம்மாடி, உன் மாமனார் வீடு வந்து சேர்றதுக்குள்ள நானே சொல்லிடறேன்..."

முழுதும் கேட்டவள் நீளமாக மூச்சு விட்டாள்.

"மாமா லீவே எடுக்கலைன்னு சாட்சி சொல்ல நேத்தே என்னைக் கூப்பிட்டாருப்பா. முடியாதுன்னுட்டேன். அதுக்கு நீங்க என்ன சொல்வீங்களோன்னுதான் பயந்துக்கிட்டிருந்தேன்."

மாஸ்டர் நடுத்தெருவில் அப்படியே நின்றுவிட்டார்.