உப்புப் போட்ட ஐஸ்

பஸ்ரியாம்பிள்ளையின் ஐஸ் பெட்டியைப் பற்றி எழுவைதீவில் யாரும் குறைவாகப் பேசிவிட முடியாது. பேசினால் மனுசன் விடமாட்டார். மீன் வாங்கி ஊர்காவற்றுறைக்குக் கொண்டுபோய் விற்பது அவர் தொழில். ஆள் நீளத்துக்குப் பலகையடித்து, குளிர் வெளியே போகாமல் உள்ளே ரெஜிபோம் அட்டை வைத்து, தன் கையாலேயே செய்த பெட்டி அது. அதற்குள் வைத்தால் மூன்றாம் நாள் மீனும் காலையில் பிடித்த மீன் மாதிரி இருக்கும் என்பார். அப்படிச் சொல்லி விற்றும் இருக்கிறார் என்பது வாங்கிய சனத்துக்குத் தெரியும்.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு கார்த்திகையில் அடித்த புயல் தீவின் மின்கம்பங்களைச் சரித்துப் போட்டுவிட்டுப் போனபோது, ஊரில் குளிர் என்று மிஞ்சியது அந்தப் பெட்டிக்குள் மட்டுந்தான். புயலுக்கு முதல் நாள் ஏற்றிவந்த ஐஸ் கட்டிகள் உமிக்குள் கிடந்தன. போட மீன் இல்லை. படகுகளில் பாதி கரையில் குப்புறக் கிடந்தன. மீதியைக் கடலில் இறக்க நேவி விடவில்லை. நாளைக்கு வரும், நாளையிண்டைக்கு வரும் என்ற கரண்ட் ஒரு கிழமையாகியும் வரவில்லை. தீவுக்குக் கரண்ட் கொடுக்கிற ஜெனறேற்றர் கொட்டிலுக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. அதைத் திருத்த யாழ்ப்பாணத்திலிருந்து ஆள் வரவேண்டும். வருகிற ஆளுக்குப் பாஸ் வேண்டும். பாஸ் கொடுக்கிறவருக்கு மனம் வேண்டும்.

மற்றவர்களுக்கு இருட்டுத்தான் கவலை. பஸ்ரியாம்பிள்ளைக்கும் மனைவி ஜசிந்தாவுக்கும் பிரிஜ்தான் கவலை. மகள் நிமலினிக்குப் பதினொரு வயதில் சீனி வருத்தம். காலையும் மாலையும் இன்சுலின் ஊசி போட்டால்தான் பிள்ளை நடமாடும். அந்த மருந்துப் போத்தல் குளிரில் இருக்க வேண்டும். கரண்ட் இல்லாத பிரிஜ் வெறும் அலுமாரிதானே.

அதே வருத்தம் ஊரில் இன்னொருத்திக்கும் இருந்தது. தோட்டக்காரர் மார்க்கண்டுவின் மகள் நிலாந்தினிக்கு. பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து தன் ஊசியைத் தானே போட்டுக்கொள்பவள். இப்போது வயிற்றில் ஆறு மாதம். புருசன் நிரோஜன் கட்டாரில். நிமலினிக்கு முதல்முதல் ஊசி போடும்போது அழுத ஜசிந்தாவுக்குப் பக்கத்தில் இருந்து பழக்கியவள் அவள்தான். அந்த நன்றி பஸ்ரியாம்பிள்ளைக்கு நிறைய உண்டு. அதுதான் பிறகு வினையாகப் போனது.

நிலாந்தினி தன் மருந்தை ஈரமணல் நிரப்பிய மண்பானைக்குள் வைத்திருந்தாள். கரண்ட் போனால் அப்படிச் செய்யச் சொல்லிக் கிளினிக்கில் சொல்லிக் கொடுத்திருந்தார்களாம். ஜசிந்தாவும் ஒரு பானையைக் கழுவி எடுத்துவிட்டாள். பஸ்ரியாம்பிள்ளைக்கு ரோசம் வந்துவிட்டது. தீவிலேயே நல்ல ஐஸ் பெட்டியை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு சட்டி பானைக்குள் மருந்து வைத்தால் ஊர் என்ன சொல்லும் என்று கேட்டார். மகளின் போத்தலைப் பெட்டிக்குள் வைத்தது காணாதென்று, மார்க்கண்டு வீட்டுக்கும் போய் நிலாந்தினியின் போத்தலையும் கேட்டு வாங்கினார்.

"உறைஞ்சு போகாதோ அண்ணை?" என்று அவள் கேட்டாள்.

"ஐஸுக்குள்ளை கிடக்கிற மீன் உறையுதே பிள்ளை? பயப்படாதையும். அது என்ரை பொறுப்பு."

அதுவரைக்கும் பிழை ஒன்றும் இல்லை. நிலாந்தினி காலையும் மாலையும் வந்து, தன் மருந்தை இழுத்து ஊசி போட்டுக்கொண்டு, ஜசிந்தாவோடு ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவாள். ஆனால் ஐஸ் கரையத் தொடங்கியது. பெட்டியின் அடியில் தண்ணீர் தேங்குவதைக் கண்டதும் பஸ்ரியாம்பிள்ளை சுத்தியலை எடுத்தார். மிஞ்சிய கட்டிகளை உடைத்தார். கல்லுப்பை அள்ளி அள்ளித் தூவினார். நடுவில் குழி தோண்டி இரண்டு போத்தல்களையும் புதைத்து மூடினார். நல்ல விலை போகும் அறுக்குளா மீனுக்கு மட்டும் அவர் செய்கிற மரியாதை அது. உப்புப் போட்ட ஐஸின் குளிர் கையைக் கடிக்கும். அதற்குள் மீன் கட்டை மாதிரிக் கிடக்கும். மகளின் உயிருக்கு அறுக்குளாவை விடக் குறைவாகச் செய்வாரா?

காலையில் போத்தல்கள் வெள்ளை பூத்துக் கிடந்தன. அவருக்குப் பெருமை தாங்கவில்லை. உள்ளங்கையில் வைத்து உருட்டி இளக்கினார். மருந்து இளகியது, ஆனால் எப்போதும் மோர் மாதிரி இருப்பது, இப்போது திரிந்த பால் மாதிரி இருந்தது. நிலாந்தினியும் தன் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"திட்டுத் திட்டாய் நிக்குதண்ணை."

"குளிருக்குத்தான். நல்லாக் குலுக்கிப்போட்டுக் குத்தும்."

அவள் குலுக்கிப்போட்டுக் குத்திக்கொண்டாள். ஒருவரை நம்பினால் அப்படித்தானே.

அதற்குப் பிறகு நிமலினிக்குத் தாகம் அடங்கவில்லை. குடித்ததெல்லாம் மூத்திரமாகப் போனது. வெள்ளம் கலந்த கிணற்றுத் தண்ணீர், நிவாரணத்துக்குக் கொடுத்த பிஸ்கற் என்று ஒவ்வொன்றாகக் குற்றம் சொன்னார்கள். ஊசியைக் கொஞ்சம் கூட்டிப் போட்டார்கள். பிள்ளை சத்தி எடுத்தது. பிறகு மூச்சு மேலும் கீழுமாக இழுத்தது. வாயில் பழம் அழுகிய மணம். தூக்கிக்கொண்டு துறைக்கு ஓடினார்கள். நேவிக்காரர் தங்கள் படகிலேயே ஏற்றினார்கள். அந்த விசயத்தில் குறை சொல்லக்கூடாது.

ஏறும்போது பஸ்ரியாம்பிள்ளை தன் தம்பியின் மனைவி மேரிசுகந்தியைக் கூப்பிட்டு வீட்டுத் திறப்பைக் கொடுத்தார். நிலாந்தினிக்கு ஒரு நேரமும் தவறாமல் பெட்டியைத் திறந்துவிடு, கரண்ட் வந்த கையோடு அவள் மருந்தை எடுத்துப் பிரிஜ்ஜுக்குள் வை என்று அவசரத்திலும் மறக்காமல் சொன்னார். நிலாந்தினியும் துறைக்கு வந்திருந்தாள். முகம் வாடி, கையில் தண்ணீர்ப் போத்தலோடு நின்றாள். வயிற்றுப்பிள்ளைத் தாகம் என்று ஜசிந்தாவிடம் சொன்னாள்.

யாழ்ப்பாணத்தில் ஒரு டொக்டர், மீசை அரும்பிய பொடியன்தான், மருந்துப் போத்தலைச் சரித்துப் பார்த்தார். கண்ணாடியில் ஒட்டியிருந்த திட்டுகளைக் காட்டினார்.

"இது உறைஞ்ச மருந்து ஐயா. இளகினாலும் பிறகு வேலை செய்யாது. நீங்கள் இவ்வளவு நாளும் பிள்ளைக்குத் தண்ணியைத்தான் குத்தியிருக்கிறியள்."

எப்படி வைத்திருந்தீர்கள் என்றும் கேட்டார். ஜசிந்தா பஸ்ரியாம்பிள்ளையைப் பார்த்தாள். அவள் நாலு வார்த்தை ஏசியிருந்தால் அவருக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். அவள் பிள்ளையின் காலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் நிமலினி கண்விழித்துத் தேத்தண்ணி கேட்டாள். பஸ்ரியாம்பிள்ளை சுவரில் சாய்ந்து விம்மி விம்மி அழுதார். அவர் அழுது ஓய்ந்ததும் ஜசிந்தா சொன்னாள்.

"நிலாந்தினியும் அதைத்தானே போடுறாள்."

மகளைப் பற்றிய பயத்தில் அவர் அந்தப் பெண்ணை அடியோடு மறந்திருந்தார். தீவுக்குப் போன் எடுத்தால் மணியே போகவில்லை. கரண்ட் இல்லாத ஊரில் எந்தப் போனுக்குச் சார்ச் இருக்கும்? டொக்டரிடம் புதுப் போத்தல் ஒன்று கெஞ்சி வாங்கி, ஈரத்துணியில் சுற்றி, பஸ் ஏறினார். வழியில் ஒவ்வொரு ஆமிச் சென்றியிலும் சோதனைக்கு இறக்கி ஏற்றினார்கள். ஊர்காவற்றுறைத் துறைக்கு வந்து சேர்ந்தபோது கடைசிப் படகு போய்விட்டது.

கடல் குளம் மாதிரிக் கிடந்தது. எழுவைதீவுப் பனைகள் கண்ணுக்குத் தெரிந்தன. தெரிந்த கடற்றொழிலாளி யாக்கோப்புவிடம் படகைக் கேட்டார். பாஸ் இல்லாமல் இந்நேரம் இறக்கினால் சுடுவாங்கள், எனக்கும் பிள்ளைகள் இருக்கு என்று யாக்கோப்பு தலை குனிந்துகொண்டார். பஸ்ரியாம்பிள்ளை நேவிக்காரனிடம் போனார். அவருக்குத் தெரிந்த சிங்களம் மீன் விற்கிற சிங்களம். ஊசியைக் காட்டினார், வயிற்றைக் காட்டினார், போடவேண்டாம் என்று கையை ஆட்டினார், அங்கேயுள்ள முகாமுக்கு வயர்லெஸ்ஸில் சொல்லச் சொன்னார். சின்ன வயதுக்காரன், பாவம், பொறுமையாகக் கேட்டான். எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். பிறகு நாளைக்குக் காலையில் முதல் படகில் போகலாம் என்று கடலைக் காட்டினான்.

பஸ்ரியாம்பிள்ளை துறையின் ஓரத்தில் குந்தினார். மடியில் ஈரத்துணி. பொழுது பட்டுக்கொண்டிருந்தது. மாலை ஊசி போடுகிற நேரம்.

அப்போது அக்கரையில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு கரை நீளத்துக்கும் வெளிச்சம். துறையில் நின்ற சனம் கைதட்டியது. உங்கடை ஊருக்குக் கரண்ட் வந்திட்டுது அண்ணை என்று யாக்கோப்பு ஓடிவந்து தன் போனை நீட்டினார். பஸ்ரியாம்பிள்ளை மேரிசுகந்தியின் நம்பரை அடித்தார். மணி போகவில்லை. திரும்ப அடித்தார்.

மேரிசுகந்தி சொன்ன சொல் தவறாதவள். இப்போது பெட்டியைத் திறந்திருப்பாள். போத்தலைத் துடைத்து, பக்குவமாகப் பிரிஜ்ஜுக்குள் வைக்க எடுத்திருப்பாள். நிலாந்தினி வந்திருப்பாள். மருந்தைப் போடுவதற்கு முதல் அண்ணை சொன்னபடி நன்றாகக் குலுக்குவாள்.

மாதாவே, அந்தக் கரண்டை நிப்பாட்டிவிடு என்று அவர் வாய்விட்டுக் கேட்டார். கரண்ட் நின்றாலும் ஊசி நிற்காது என்று அவருக்குத் தெரியும். கேட்பதற்கு அவரிடம் வேறு ஒன்றும் இருக்கவில்லை. அக்கரையில் வெளிச்சம் கூடிக்கொண்டே வந்தது.