மாப்பிள்ளை ஓடக்கூடாது

அம்மா போய் இரண்டு மாதம் கழித்து, தம்பி அக்காவின் வீட்டுக்கு ஒரு நாயைக் கொண்டுவந்தான்.

தம்பிக்கு நாய்க் காப்பகத்தில் வேலை. கூண்டு கழுவுவது, தீனி வைப்பது, டாக்டரம்மா ஊசி போடும்போது நாய் திமிறாமல் பிடித்துக்கொள்வது எல்லாம் அவன்தான். அக்கா ஒரு கண்ணாடிக் கடையின் பின்கட்டில் லென்ஸ் தேய்க்கிறவள். கல்யாணம் நடந்து, அது நிலைக்காமல் போய், அம்மாவோடு வந்து இருந்தவள். அம்மா படுத்த படுக்கையான பிறகு பீ மூத்திரம் அள்ளியதும் அவள்தான். அம்மா போன அன்று அவள் அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி போட்டாள். வாடகைக் கட்டிலை எடுத்துப் போக ஆள் வரச் சொன்னாள். "கல்லைப் பிழிஞ்சாகூடத் தண்ணி வரும், இவளுக்கு வராது" என்று சின்ன அத்தை அவள் காதில் விழும்படியே சொன்னாள். அக்காவுக்கு அது வலிக்கவில்லை. வலிக்கவில்லையே என்பது மட்டும் கொஞ்சம் விநோதமாக இருந்தது.

"ரெண்டு மூணு மாசம் இருக்கட்டும்க்கா" என்றான் தம்பி. "என் வீட்ல வானரம் மாதிரி ரெண்டு பிள்ளைங்க இருக்கு. காப்பகத்துல ஒண்ணு குரைச்சா எல்லாம் குரைக்கும். இவன் சும்மா கிடக்கணும்."

"என்ன வியாதி?"

"புழு."

"எல்லா நாய்க்கும்தான் புழு இருக்கும்."

"எங்ககிட்ட வர்றதுல புழு இல்லாத நாயே கிடையாது. குடல்ல இருந்தா மாத்திரை போட்டாப் போதும், கொத்தா வெளிய வந்துரும். இவனுக்கு இதயத்துல இருக்கு. கொசு கடிச்சு வர்றது. வெள்ளை நூல் மாதிரி, சாண் நீளத்துக்கு."

நாய் கூண்டுக்குள் முன்கால்களைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. விருந்துக்கு வந்துவிட்டு, இன்னும் யாரும் இலை போடவில்லையே என்று பார்ப்பதுபோல ஒரு பார்வை. அதனால்தான் காப்பகத்தில் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர்.

"முதல் ஊசி போட்டாச்சு. உள்ள புழு செத்துக்கிட்டிருக்கு" என்றான் தம்பி. "செத்தது துண்டு துண்டா நுரையீரலுக்குப் போகும். மெதுவாப் போனா உடம்பே கரைச்சுடும். ஓடினாலோ குதிச்சாலோ மொத்தமாப் போய் அடைச்சுக்கும். அவ்வளவுதான் கதை. சந்தோஷம்கூடப் படக்கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க."

"அதுக்கு நான் என்ன பண்ணணும்?"

தம்பி தரையைப் பார்த்தான். "ஒண்ணும் பண்ண வேணாம். நீ கொஞ்ச மாட்டே. அதான் வேணும்."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான். அக்கா அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. அம்மாவின் அறையைத் திறந்துவிட்டாள்.

கட்டில் கால்கள் பதிந்த நாலு தடத்துக்கு நடுவே கூண்டை வைத்தார்கள். அம்மாவின் கொசுவலை கொக்கியிலேயே தொங்கியது. அதைக் கூண்டின் மேல் இறக்கிவிட்டாள். இந்த நாயைக் கடித்த கொசு இன்னொரு நாயைக் கடிக்கக்கூடாது என்று தம்பி சொல்லியிருந்தான்.

வேலை அவளுக்குப் பழகியதுதான். காலையில் மாத்திரையை ரொட்டிக்குள் பொதிந்து கொடுப்பாள். மருந்தின் வீரியத்தில் நாய் குடம் குடமாய்த் தண்ணீர் குடித்தது. அதற்கேற்ப மூத்திரம் போனது. கழுத்துக் கயிற்றைக் குட்டையாகப் பிடித்து வாசல்வரை நடத்திக் கூட்டிப்போய்க் கூட்டிவருவாள். ஊசி போட்ட முதுகைத் தொட்டால் அது சுருங்கும். தொடாமல் இருந்தாள். பேச்சும் கிடையாது.

சிக்கல் சாயங்காலத்தில் வந்தது. அவள் கடையிலிருந்து வந்து பூட்டில் சாவியைப் போட்டதும் உள்ளே வால் தட்டும் சத்தம் கேட்டது. கூண்டே அதிரும். பின்னாலேயே இருமல். இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் பின்பக்கமாக வந்து, செருப்பை வெளியிலேயே விட்டு, உடை மாற்றி, காபி போட்டுக் குடித்துவிட்டு, அப்புறம்தான் அந்த அறைக்குப் போனாள். போனாலும் நாயின் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர்க் கிண்ணத்தை மட்டும் எடுத்தாள். வால் ஒருமுறை அசைந்து நின்றது.

"சொந்த வீட்டுக்குள்ளயே திருடி மாதிரி வர்றியேம்மா" என்றாள் எதிர்வீட்டு டைப்பிஸ்ட்.

"என்னைப் பார்த்தா அதுக்கு ஆகாது."

"கடிக்குமா?"

"சந்தோஷப்படும்."

டைப்பிஸ்ட் சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அப்படியே நாட்கள் போயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். தம்பி வந்தான். வரக்கூடாது என்று அவனுக்கே தெரியும். நாயை மாதக்கணக்கில் தன் கையால் ஊட்டி வளர்த்தவன் அவன். எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடலாம் என்று நினைத்திருக்கிறான். வாசலில் செருப்பைக் கழற்றும்போது வாய் சும்மா இருக்கவில்லை.

"மாப்ளே!"

உள்ளே கூண்டு தகரம் உருண்டதுபோல் அலறியது. அக்கா சோப்புக் கையோடு ஓடினாள். நாய் எழுந்து எழுந்து கம்பியில் மோதியது, ஊளையிட்டது, உடம்பு முழுக்க ஆட்டியது. தம்பி வாசலிலிருந்தே தெருவுக்குப் பின்வாங்கினான். அவன் வெளியே போன பிறகும் அது அடங்க நேரமாயிற்று. அடங்கியபோது ஒரேயடியாக அடங்கியது. பக்கவாட்டில் சாய்ந்து, வாயைத் திறந்து மூச்சை இழுத்தது. ஈறு வெளுத்திருந்தது. மூக்கின் ஓரத்தில் இளஞ்சிவப்பாய் நுரை.

"வண்டியை எடு" என்றாள் அக்கா.

டாக்டரம்மா நாயின் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க்கை வைத்து, "யாராவது இதை அசையாமப் பிடிங்க" என்றாள். தம்பி கையை நீட்டிவிட்டுப் பின்னால் இழுத்துக்கொண்டான். அக்கா மாஸ்க்கை வாங்கிக்கொண்டாள். மேஜை உயரத்துக்குக் குனிந்து, ஒரு கையால் மாஸ்க்கையும் மறு கையால் தாடையையும் பிடித்தபடி நின்றாள். ஊசிகள் ஏறின. தம்பி மூலையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான்.

"நான்தான் கொன்னுட்டேன்க்கா."

"இன்னும் சாகல."

"உனக்கு எப்படிக்கா முடியுது? அம்மா போனப்பவும் நீ இப்படித்தான் நின்னே."

"யாராவது நிக்கணும்ல" என்றாள்.

அதில் கோபம் இல்லை. கடையில் ஒருவர் விலை கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள். தம்பி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து பக்கத்தில் நின்றான். இடுப்பு மரத்துப்போனபோதும் அவள் கையை மாற்றவில்லை. வெளியே வெயில் இறங்கிய பிறகு ஈறில் கொஞ்சம் நிறம் வந்தது. "இந்தத் தடவை தப்பிச்சிட்டான்" என்றாள் டாக்டரம்மா. "ஆனா மீதி ரெண்டு ஊசியும் போட்டே ஆகணும். இன்னும் புழு இருக்கு."

அந்த இரண்டு ஊசியும் போட்டார்கள். அக்கா பழையபடி பின்வாசல் வழியாக வந்தாள், முகத்தைப் பார்க்காமல் கிண்ணத்தை எடுத்தாள். தம்பி அந்த வீட்டுப் பக்கம் தலைகாட்டவே இல்லை. போனில் மட்டும் கேட்டான். நாய் படுத்தே கிடந்தது. சாவிச் சத்தம் கேட்டாலும் இப்போது வால் அசையவில்லை. நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் அன்று காபியைக் குடிக்காமல் கொட்டினாள்.

கடைசிப் பரிசோதனையில் புழு இல்லை என்று வந்தது. "இனிமே ஓடலாம், ஆடலாம், என்ன வேணா பண்ணலாம்" என்றாள் டாக்டரம்மா.

வீட்டுக்கு வந்து கொசுவலையைத் தூக்கிக் கட்டினாள். கூண்டின் கதவைத் திறந்து வைத்தாள். நாய் வெளியே வரவில்லை. கதவைப் பார்த்தது, அவளைப் பார்த்தது, தலையைக் கால்மேல் போட்டுக்கொண்டது. கொல்லைப்புறக் கதவையும் திறந்து வைத்தாள். அப்போதும் வரவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் கூண்டின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். பிறகு கையை உள்ளே விட்டு அதன் தலைமேல் வைத்தாள். கொஞ்சத் தெரியவில்லை, வைத்த இடத்திலேயே கை இருந்தது. நாய் நீளமாய் ஒரு பெருமூச்சு விட்டது. கையின் கீழே சூடாக இருந்தது. அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது.

போன் அடித்தது. இடது கையால் எடுத்தாள்.

"அக்கா, ஓடினானா?"

"இல்ல."

"ஒரு குடும்பம் கேட்டு வந்திருக்கு. நல்ல ஆளுங்க, பெரிய தோட்டம் இருக்கு. அவங்ககிட்ட என்ன சொல்லட்டும்?"

"வேற நாய் பாத்துக் கொடு."

"இப்ப வரட்டுமாக்கா?"

"வா. வரும்போது ரொட்டி வாங்கிட்டு வா, தீந்துபோச்சு" என்றாள். கையை எடுக்கவில்லை.