ரவுண்டானாவில் மூன்றாவது கோப்பை

1

இது கதையாகப் பிறந்ததல்ல. சென்னைப் பத்திரிகை ஒன்றில் இருக்கும் நண்பர் போன் செய்து, "நீங்கதான் எத்தியோப்பியாவுல இத்தனை வருஷமா கணக்கு வாத்தியாரா இருக்கீங்களே, காபி பத்திப் பொது அறிவுத் துணுக்கு கொஞ்சம் எழுதித் தாங்களேன்" என்றார். உட்கார்ந்தேன்.

'காபியைக் கண்டுபிடித்தது ஓர் ஆடு. அதை மேய்த்தவன் ஒருநாள்...'

நிறுத்திவிட்டேன். காபி பற்றி எழுதுகிற எல்லோரும் அந்த ஆட்டைத்தான் காதைப் பிடித்து இழுத்து வருகிறார்கள். பாவம், அது மேயட்டும். அடுத்த துணுக்கு:

'இங்கே விருந்தாளிக்குக் காபி மூன்று சுற்று வரும். ஒரே தூளில் மறுபடி மறுபடி தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைப்பதால் முதல் சுற்று கடுமை, இரண்டாவது சுமார், மூன்றாவது கிட்டத்தட்ட வெந்நீர். ஆனால் அந்த வெந்நீருக்குத்தான் பெரெக்கா, அதாவது ஆசீர்வாதம், என்று பெயர். அதைக் குடிக்காமல் எழுந்து போகிறவர்...'

இந்த இடத்தில் தெமெஸ்கென் வந்து குறுக்கே நின்றுகொண்டார். துணுக்கு போயே போச்சு.

2

தெமெஸ்கென் எங்கள் பள்ளியில் வேதியியல் வாத்தியார். ஊரறிந்த நாத்திகர். அவர் பெயருக்கு அர்த்தம் 'கடவுளுக்கு நன்றி'. (கதைக்காக நான் வேண்டுமென்றே வைத்த பெயர் என்று நினைப்பீர்கள். ஆமாம், வேண்டுமென்றேதான் வைத்தேன்.)

ரவுண்டானா ஓரத்தில் வொர்க்னேஷ் என்ற அம்மாள் காபிக் கடை போட்டிருக்கிறார். கடை என்றால் ஒரு குடை, கரி அடுப்பு, நாலு முக்காலி, ஜெபெனா என்கிற கழுத்து நீண்ட மண் கூஜா. புருஷன் போனபிறகு அந்த இடம்தான் அவருக்குச் சோறு. தெமெஸ்கென் தினமும் அங்கே உட்கார்ந்து கடவுளைத் திட்டுவார். மூன்று சுற்றும் முடியாமல் எழுந்திருக்க மாட்டார்.

"கடவுள்தான் இல்லையே வாத்தியாரே, ஆசீர்வாதம் மட்டும் எதுக்கு? கெளம்புங்க."

"கடவுள் இல்லைங்கிறது வேற அக்கா, மூணாவது கப் வேற. ஊத்துங்க."

"நல்ல ஆளுய்யா! சாமி வேணாம், பிரசாதம் வேணும்."

3

நகராட்சி அந்த ரவுண்டானாவில் சிமெண்டில் ஆளுயர ஜெபெனா ஒன்று கட்டியது. பக்கத்தில் அண்டா அளவுக் கோப்பைகள். எத்தனை? இரண்டு. வரைபடம் தலைநகரத்திலிருந்து வந்தது. வரைந்தவர் அவசரமாகக் காபி குடிக்கிற ஆளாக இருக்க வேண்டும். திறப்பு விழாவில் கூட்டம் கைதட்ட மறந்து எண்ணிப் பார்த்தது. "ஆசீர்வாதம் எங்கேய்யா?" என்று யாரோ கத்தினார்கள். அதிகாரி புல்ச்சா மைக்கைப் பிடித்து, "படத்துல ரெண்டுதான் இருக்கு" என்றார். ஊருக்கு மனசு விட்டுப்போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்து கூட்டம் வெளியே வந்தால் மூன்றாவது கோப்பை இருக்கிறது! கொஞ்சம் கோணல். சிமெண்ட் ஈரம் காயவில்லை.

வைத்தது தெமெஸ்கென்தான். கடைக்கு அடுப்பு மூட்ட முன்னதாகவே வந்த வொர்க்னேஷ் கண்ணால் பார்த்தார். (துப்பறியும் கதையாக்கி இதைக் கடைசிவரை மறைக்கலாமா என்று யோசித்தேன். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.)

ஞாயிறு காலை தேவாலயத்துக்குப் போகாமல் திரிகிறவர்மீதுதானே முதலில் சந்தேகம் வர வேண்டும்? வரவில்லை. ஆசீர்வாதத்தை நம்பாதவன் ஆசீர்வாதக் கோப்பையை ஏன் வைக்கப் போகிறான்? ஊரின் தர்க்கத்தில் ஓட்டை இல்லை. எனக்கே இந்த இடத்தில் தெமெஸ்கென்மீது சந்தேகம்: இப்படி ஒரு மனுஷன் இருப்பானா? கேட்டேன். "இருந்த ரெண்டையும் பாக்கப் பாக்க வயித்தெரிச்சலா இருந்துச்சுய்யா, வேற ஒண்ணுமில்ல" என்றார்.

4

சாயங்காலத்துக்குள் அது அற்புதம் ஆகிவிட்டது. கோப்பைக்கு முன்னால் மெழுகுவத்தி, சோளப்பொரி. காபி விருந்துக்குப் பரப்புகிற மாதிரி யாரோ பச்சைப்புல் பரப்பினார்கள். முழங்கால் வலி போனதாக இரண்டு பேர் சொன்னார்கள். மூன்றாமவருக்கு வலியே இருந்ததில்லை, அவருக்கும் போனது. தெமெஸ்கெனுக்குத் தூக்கம் போனது. கடவுள் இல்லை என்று இத்தனை வருஷம் கத்திய மனிதர், ஒரு வாளி சிமெண்டில் கடவுளுக்குச் சாட்சி செய்து கொடுத்துவிட்டார்.

புல்ச்சாவுக்கு அற்புதம் பிடிக்காது. "பொதுச் சொத்தைச் சேதப்படுத்தியிருக்காங்க" என்றார்.

"எதுவும் ஒடையலியே சார்?"

"கூட்டினாலும் சேதம்தான். படத்துல ரெண்டு."

பக்கத்தில் கடை போட்டிருக்கும் வொர்க்னேஷைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். சத்தியம் வாங்க ஊர்த் தேவாலயத்துப் பாதிரியார் கைச்சிலுவையை நீட்டினார். வாத்தியார் பெயரைச் சொன்னால் அவருக்கு வேலை போகும், ஜெயில்கூட உண்டு. வொர்க்னேஷ் சிலுவையைத் தொட்டு முத்தமிட்டார்.

"கடவுள்தான் வெச்சாரு. என் கண்ணால பாத்தேன்."

புல்ச்சா மூக்கைச் சொறிந்தார். கடவுள்மேல் கேஸ் போட முடியாது. ஆனால் அதிகாரி அதிகாரிதான். "அப்படின்னா அது புண்ணிய ஸ்தலம். அங்க வியாபாரம் பண்ணக் கூடாது. நாளையோட கடையை எடுத்துருங்க."

5

இந்தக் கதைக்கு நான் எழுதிக் கிழித்த முடிவுகள்:

'தெமெஸ்கென் கோப்பை முன் மண்டியிட்டுக் கதறினார். மேகம் விலகி...' (த்தூ.)

'புல்ச்சா அந்தக் காபியை ஒரு வாய் குடித்ததும் மனம் இளகி...' (புல்ச்சா டீ குடிக்கிறவர்.)

நடந்ததையே சொல்கிறேன். மறுநாள் காலை தெமெஸ்கென் நகராட்சி அலுவலகத்துக்குப் போனார். நானும் துணைக்குப் போனேன். பாதிரியார் இருந்தார். கடையை விட்டுவிடும்படி கெஞ்ச வொர்க்னேஷும் வந்திருந்தார்.

"அந்தக் கப்பை வெச்சது நான்தான். என்னைப் புடிச்சு உள்ள போடுங்க. அக்கா கடையை விட்டுருங்க."

அறை சிரித்தது. "வாத்தியாரே, கடவுளைத் திட்டினீங்க, பொறுத்துக்கிட்டோம். இப்ப அவரு வேலைக்கே பங்கு கேக்குறீங்களா?" என்றார் பாதிரியார்.

"சிமெண்ட் எங்க வாங்கினேன்னு சொல்லவா? எந்த வாளியில கலக்கினேன்னு சொல்லவா?"

"சாட்சி இருக்கா?" என்றார் புல்ச்சா.

தெமெஸ்கென் வொர்க்னேஷைத் திரும்பிப் பார்த்தார். ஊரில் யாரையும் எதையும் நம்பச் சொல்லிக் கேட்டறியாத மனிதர், இரண்டு கையையும் கூப்பிவிட்டார்.

"அக்கா, பாத்தீங்கல்ல? உண்மையைச் சொல்லிருங்க. உங்க கடைக்காகச் சொல்லுங்க."

வொர்க்னேஷ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உங்க கையைத்தான் பாத்தேன். நம்பாத உங்களை அந்த வேலையைச் செய்ய வெச்சது யாருன்னுதான் சிலுவையைத் தொட்டுச் சொன்னேன். அது பொய்யா வாத்தியாரே? நீங்க சொல்லுங்க. நீங்க பொய்ன்னு சொன்னா, ஆமா, பொய்ச் சத்தியம் பண்ணேன்னு இவங்க முன்னாலயே ஒத்துக்கறேன்."

6

பொய் என்று சொன்னால் கடை மிஞ்சும். அந்த அம்மாள் ஊர் முன்னால் பொய்ச் சத்தியக்காரி ஆவார், இனி அவரால் சிலுவையை நிமிர்ந்து பார்க்க முடியாது. பொய் இல்லை என்றால், வைத்த கை யாருடையதானாலும் கோணல் கோப்பை கடவுளுடையதாகவே இருக்கும், கடை போய்விடும். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் அந்த அம்மாளின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அதனால் இங்கே பேனாவை மூடுகிறேன். கோழை என்று திட்டுங்கள், பரவாயில்லை. ஆனால் திட்டி முடித்த கையோடு தெமெஸ்கென் இடத்தில் போய் நில்லுங்கள். புல்ச்சா கடிகாரத்தைப் பார்க்கிறார். வொர்க்னேஷ் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார். சொல்லுங்கள், அது பொய்யா?