இல்லை என்று ஒரு வரி

கோப்பின் தடிமனைப் பார்த்ததும் அம்மாவின் முகம் தெளிந்தது. எழுத்தர் அதை இரண்டு கையாலும் தூக்கி வந்து, உடைந்த நாற்காலிகள் அடுக்கியிருந்த அறையின் மேசையில் வைத்தார். தூசி பறந்தது. நாடாவின் முடிச்சை அவிழ்க்கும் முன்பு அம்மா கோப்பின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினாள். துணிக்கட்டு வாங்கும்போது அப்படித்தான் தடவுவாள். யூனிபார்ம் சட்டைகளுக்குக் காஜா எடுத்துத் தேய்ந்த விரல்கள் அவளுக்கு.

"எவ்வளவு தடியா இருக்கு பாருடி" என்றாள் என் காதருகில். "இதுல இல்லாமலா போயிடும்?"

அக்கா வேலை பார்த்தது ஆஸ்பத்திரிப் போர்வைகளை வெளுக்கும் சலவைக்கூடத்தில். பின்கட்டில் ஒரு பாய்லர். அது வெடித்த மத்தியானம் அக்கா அதன் பக்கத்தில் நின்றிருந்தாள். முகத்தின் வலப்பக்கமும் வலக்கையும் வெந்தன. அவளோடு டப்பாவை மாற்றிச் சாப்பிடும் தோழி அங்கேயே செத்துப்போனாள். ஆவி மிஞ்சினால் வெளியே விடும் பாதுகாப்பு வால்வை அக்காதான் மூடிவிட்டாள் என்று முதலாளி சொன்னார். போலீஸும் அதையே எழுதிக்கொண்டது. தோழியின் அம்மா எங்களைக் கண்டால் தெருவின் எதிர்ப்பக்கத்துக்கு மாறிவிடுவாள்.

கட்டுப் பிரித்த புதிதில் அக்கா, "நான் அதைத் தொடவே இல்லம்மா" என்றாள். சில மாதம் கழித்து, "தொட்டேனான்னு ஞாபகம் வரலை" என்றாள். போன வாரம், சுவரைப் பார்த்துப் படுத்தபடி, "நான்தான் மூடியிருப்பேன் போல" என்றாள். அம்மா பல்லால் கடித்த நூலை அறுக்காமல் அப்படியே வைத்திருந்தாள். வெந்த கையை விட அந்த வார்த்தைதான் என்னை எரித்தது. எல்லோரும் சேர்ந்து சொல்லிச் சொல்லி, அவள் தலைக்குள்ளே போய் அவள் கையைப் பிடித்து அந்த வால்வை மூடவைத்துவிட்டார்கள்.

பாய்லரை வருஷத்துக்கொரு முறை அரசாங்க அலுவலகத்திலிருந்து வந்து சோதிக்க வேண்டுமாம். புண்ணுக்கு மருந்து வைத்த நர்ஸம்மா சொன்னார். "அந்தச் சோதனை ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்க. வால்வு நல்லா இருந்துச்சா இல்லையான்னு அதுல இருக்கும்."

இந்த அலுவலகத்துக்கு முதல் மனுவை நான்தான் எழுதினேன், அம்மாவின் பெயரில். அக்காவின் சம்பளம் நின்ற மாதமே நானும் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டதால் வீட்டில் எழுத நேரமுள்ள ஆள் நான் ஒருத்திதான். பாய்லர் ஏன் வெடித்தது, அதைப் பார்க்க வேண்டியவர் யார், அவர் ஏன் பார்க்கவில்லை என்று கேட்டிருந்தேன். பதில் வந்தது: கேள்விகளுக்கு விளக்கம் அளிக்க இயலாது, ஆவணங்களை மட்டுமே கோரலாம். சரி, ஆய்வறிக்கை வேண்டும் என்று எழுதினேன். அதன் எண்ணைக் குறிப்பிடுக என்றார்கள். எண் எங்கே இருக்கும் என்றேன். பதிவேட்டில் என்றார்கள். பதிவேட்டைப் பார்க்க என்ன செய்ய வேண்டும் என்றேன். எண்ணைக் குறிப்பிடுக என்றார்கள். இடையில் மனு வேறொரு அலுவலகத்துக்குப் போய், ஊர் சுற்றி, இங்கேயே திரும்பி வந்தது. ஆட்களிடம் பேச எனக்கு நாக்கு வராது. காகிதத்தில் யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அதனால் விடாமல் எழுதினேன். அம்மா கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியாக வந்த பதிலின் அடியில், எறும்பு மாதிரி எழுத்தில், கோப்பை நேரில் பார்வையிடலாம் என்றிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் இன்று வந்தோம்.

முதல் தாளில் என் கையெழுத்து. புரட்டினேன். அதிலும் என் கையெழுத்து.

"இது என்னது?" என்றாள் அம்மா.

"நம்ம மனு."

"இது?"

"நம்ம மனுதான்மா."

"இது?"

அந்தத் தடிமன் முழுக்க நாங்கள்தான். நாங்கள் கேட்டதும், எங்களுக்கு அவர்கள் மறுத்ததும், மறுத்ததன் நகலும், நகல் அனுப்பிய அஞ்சல் சீட்டும். இடையிடையே அலுவலகக் குறிப்புகள். 'மனுதாரர் மீண்டும் கேட்டுள்ளார். முன்னர் அளித்தவாறே பதில் அளிக்கலாம்.' ஒரு தாளில் எழுத்தர் கேட்டிருந்தார்: 'ஆய்வறிக்கை குறித்து என்ன பதில் அளிப்பது?' அதன் ஓரத்தில் பச்சை மையில், அலுவலரின் சின்னக் கையொப்பத்தோடு ஒரே ஒரு சொல்: 'பேசவும்.' எங்களுக்குக் காகிதத்தில் இருப்பது மட்டும்தான் பேச்சு. அவர்கள் மட்டும் காகிதத்தில் வராமல் பேசிக்கொள்வார்களாம். எல்லாவற்றுக்கும் அடியில் முதலாளி எழுதிக்கொடுத்த விபத்து அறிவிப்பு, ஒற்றைத் தாள். அதில் அக்காவின் பெயர் தப்பும் தவறுமாக இருந்தது.

எழுத்தர் தேநீர்க் கோப்பையோடு எட்டிப் பார்த்தார். மனு கொடுக்க வரும்போதெல்லாம் எதைக் கேட்டாலும் பார்க்கலாம் என்பார். அதை அம்மா வீட்டில் வந்து சொல்ல, அக்கா இன்னும் சிரித்துக்கொண்டிருந்த நாட்களில் அவருக்கு 'பார்க்கலாம் சார்' என்று பெயர் வைத்திருந்தாள்.

"பார்த்தாச்சா?"

"பாய்லரைச் சோதிச்ச பேப்பர் எங்க தம்பி?" என்றாள் அம்மா.

"இருக்கிறதெல்லாம் அதுலதாம்மா இருக்கு."

"அப்ப அந்தப் பேப்பர் இல்ல."

"இல்ல."

"சரி. இல்லன்னு எழுதிக் குடுங்க."

அவர் சிரித்தார். "இருக்கிறதுக்கு நகல் குடுப்போம். இல்லாததுக்கு எப்படிம்மா நகல் குடுக்கிறது?"

"வெள்ளைத் தாளை ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்துடுங்க சார், வாங்கிட்டுப் போகட்டும்" என்றது அடுத்த அறையிலிருந்து ஒரு குரல். யாரோ களுக்கென்றார்கள். அம்மா திரும்பவில்லை. அவள் காது மடல் மட்டும் சிவந்தது.

அலுவலரின் அறைக்குப் போனோம். அவர் மரியாதையானவர். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உங்க கஷ்டம் புரியுதும்மா. அந்தப் பக்கத்துக்கு இன்ஸ்பெக்டர் போஸ்ட்டே ரொம்ப நாளா காலி. யாரும் போய்ப் பார்க்கலை. இதுதான் உண்மை. ஆனா நான் சொன்னேன்னு வெளியில சொல்லிடாதீங்க" என்றார்.

"சொன்னதை எழுதிக் குடுங்க சார். நான் யாருகிட்டயும் வாயே திறக்க மாட்டேன்."

"எழுதினா என் தலையில விடியும்மா."

"என் பொண்ணு தலையில எழுத மட்டும் எல்லாருக்கும் கை வந்துச்சே."

அவர் மேசைக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். நான் அதுவரை தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"பேசவும்னு எழுதியிருக்கீங்க சார். என்ன பேசினீங்க?"

அவர் என்னை அப்போதுதான் பார்த்தார். "ஏம்மா, நீ படிக்கிற பொண்ணா?" என்றார்.

"இல்ல. என்ன பேசினீங்க?"

அவர் மணியை அடித்தார். "நேரமாச்சு. கோப்பை வாங்கி உள்ள வைங்க."

அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேராக அந்த அறைக்கே திரும்பினாள். கோப்பின் முன்னால் உட்கார்ந்து, இரண்டு முழங்கைகளையும் அதன்மேல் வைத்துக்கொண்டாள். கோப்பு அலமாரிக்குப் போகாமல் அறையைப் பூட்ட முடியாது, அறையைப் பூட்டாமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. அது அவர்கள் விதிதான்.

"எழுந்திரும்மா, என் பஸ் போயிடும்" என்றார் பார்க்கலாம் சார். அதட்டலாக ஆரம்பித்துக் கெஞ்சலாக முடித்தார்.

"போகட்டும். அடுத்த பஸ்ஸைப் பார்க்கலாம்" என்றாள் அம்மா.

அவள் இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது. அக்காதான். இந்நேரத்துக்குக் கூப்பிட்டுக் கிடைச்சுதா என்று கேட்பாள். எடுத்தால் ஒரு பதில் சொல்ல வேண்டும். அம்மா எடுக்கவில்லை. அது ஓய்ந்து, மறுபடி அதிர்ந்தது.

மேசைகள் காலியாயின. ஜெராக்ஸ் எடுக்கச் சொன்ன குரலுக்குச் சொந்தக்காரர் எங்களைப் பார்க்காமல் கடந்து போனார். விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார்கள், எங்கள் தலைக்கு மேலிருந்ததைத் தவிர. அலுவலர் தோளில் பையோடு வாசலில் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் பார்க்கலாம் சார், கையில் பூட்டு.

அம்மா என் பையைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். கோப்பின்மேல் வைத்து நீவினாள். மூடி கழற்றிய பேனாவைத் தாளின் குறுக்கே வைத்து, இரண்டையும் அவர் பக்கமாகத் திருப்பினாள்.

யாரோ மின்விசிறியை நிறுத்தினார்கள். அது சுற்றி ஓயும்வரை தாளின் ஓரம் எழுந்து எழுந்து விழுந்தது. அப்புறம் அசையவில்லை. அலுவலர் பையைத் தோளிலிருந்து இறக்கவும் இல்லை, படியை நோக்கித் திரும்பவும் இல்லை.