பேச்சில்லாத குரல்

மதியம் இரண்டு மணிக்கு அந்த மனிதர் கேட்கத் தொடங்குவார்.

அவரைப் பற்றி லுவான் ஷூயிக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். ஆண். எழுபதை நெருங்கும் வயது. தியான்ஜின் நகரில் ஆற்றுக்கு வடக்கே ஒரு பழைய குடியிருப்பில் தனியாக இருப்பவர். மற்றதெல்லாம் எண்கள். அவள் வேலை பார்த்த சிறிய நிறுவனம், மக்கள் வீசாட் என்ற செய்திச் செயலியை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று கணக்கெடுத்து விளம்பரக்காரர்களுக்கு விற்றது. சம்மதித்தவர்களின் கைப்பேசியில் ஒரு செயலியைப் பதிப்பார்கள். அலுவலகத்தில் அதற்கு எண்ணி என்று பெயர். யார், என்ன பேசினார் என்பது எண்ணிக்குத் தெரியாது. வந்தது எழுத்தா, படமா, குரலா, எவ்வளவு நீளம், எத்தனை முறை திறந்தார்கள், குரலென்றால் அதில் பேச்சு இருந்ததா இல்லையா, அவ்வளவுதான். பதிலுக்கு மாதம் ஒரு டப்பா சமையல் எண்ணெய்.

கணக்கில் பேச்சில்லாத குரல் என்று ஒரு பத்தி உண்டு. பையில் கிடந்த கைப்பேசி தானாக அழுந்தி அனுப்பியவை, பேரன் அழுதவை. வரைபடத்தில் எல்லா வட்டாரங்களிலும் அது தரையோடு தரையாகக் கிடக்கும். ஆற்றுக்கு வடக்கே மட்டும் புகைபோக்கி மாதிரி நின்றது. ஷூயி அதைப் பிரித்துப் பார்த்தாள். செங்கல் அத்தனையும் ஒரே மனிதருடையது. அவருக்கு ஒரு நிமிட நீளத்தில் குரல்கள் வந்துகொண்டிருந்தன. எதிலும் ஒரு சொல் இல்லை. அவர் ஒரே குரலைத் திரும்பத் திரும்ப, மாலை வரை கேட்டார். குளிர்காலம் முழுக்க அப்படி. பிறகு மார்ச் தொடக்கத்தில் ஒரு நாள் நின்றுவிட்டது. குறைந்து குறைந்து நிற்கவில்லை. குழாயை மூடியதுபோல நின்றது.

மேலாளர் ஃபாங் திரையை எட்டிப் பார்த்தார்.

"மெஷின். எண்ணெய்க்காக எவனோ போனத் தானா ஓட விட்டிருக்கான். கணக்குலேர்ந்து தூக்கிடு."

"மெஷினுக்குக் களைப்பு வராது சார். இது சாயங்காலம் ஆனா நிறுத்திடுது."

"களைப்பு வர்ற மெஷினா வாங்கியிருப்பான்."

"அப்ப ஏன் இப்ப நின்னுது?"

"அத மெஷின்கிட்ட கேளு. வெள்ளிக்கிழமை அறிக்கை போகுது. அதுக்குள்ள மனுஷன்னு காட்டு. இல்லன்னா தூக்கு."

ஷூயி தூக்கவில்லை. ஒரு மனிதர் சொல்லே இல்லாத எதைக் குளிர்காலம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பார்? மழையா? கடலா? செத்துப்போன மனைவியின் மூச்சா? பேருந்தில் போகும்போதும் பல் துலக்கும்போதும் அதுவே ஓடியது. மூச்சாக இருக்குமென்றுதான் அவளுக்குத் தோன்றியது. அப்படியென்றால் ஏன் ஒரே நாளில் நிறுத்த வேண்டும்? அந்த மாத எண்ணெயைத் தானே கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

குளிர்காலம் முடிந்ததென்று நகரம் வீடுகளின் வெப்பக் குழாய்களை நிறுத்திய மறுவாரம். வீட்டுக்குள்தான் வெளியை விடக் குளிர். மின்தூக்கி இல்லாத ஐந்தாவது மாடி. மூன்றாவது மாடியில் முட்டைக்கோஸ்களை அடுக்கிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"கெங் வீட்டுக்கா? எண்ணெயோட போறீங்க. நெருப்போட இருக்கார், பாத்து."

கதவைத் திறந்தவர் குள்ளமாக, அகலமாக இருந்தார். வீட்டுக்குள்ளும் தொப்பி.

"வாங்க அக்கா. காலுறையோட வாங்க, செருப்பு தேடாதீங்க, ஒரு ஜோடிதான் இருக்கு, நான் போட்டிருக்கேன்."

தியான்ஜினில் பெண்ணாய்ப் பிறந்த எல்லோரும் அக்காதான். அவருக்குத் தன் வயதில் மகள் இருப்பாள் என்று ஷூயி நினைத்தாள். இருந்தாள். கனடாவில். சுவரில் அவளுடைய பட்டமளிப்புப் படம்.

கெங் பாவ்சுவான் முப்பது ஆண்டுகள் நகரப் பேருந்து ஓட்டியவர். தேநீர் ஊற்றிக்கொண்டே அதைச் சொன்னார். எண்ணெய் டப்பாவைத் திருப்பி, காலாவதித் தேதியைப் பார்த்தார். ஷூயி சுற்றிப் பார்த்தாள். ஜன்னலோரம் கொக்கியில் நீலத் துணி போர்த்திய கூண்டு ஒன்று தொங்கியது. அதன் கீழே ஒரு முக்காலி. முக்காலியில் எதுவும் இல்லை. ஏதோ எப்போதும் இருந்து இப்போது எடுக்கப்பட்ட இடம் போல இருந்தது.

"பெரியப்பா, ஒரு விஷயம் கேக்கணும். மத்தியானத்துல நிறைய குரல் கேப்பீங்க. இந்த மாசம் ஒண்ணுகூட இல்ல."

அவர் கோப்பையை வைத்தார்.

"வேவு பாக்கறீங்களா?"

"எண்ணறோம். கேக்கறதில்ல."

"என் பொண்டாட்டியும் இதேதான் சொல்லுவா. சட்டைப் பையில கைய விட்டு, எண்ணித்தான் பாத்தேன், எடுக்கலன்னு."

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. எழுந்துபோய்க் கூண்டின் துணியைப் பாதி விலக்கினார். உள்ளே நடுவில் ஒரு வட்ட மேடை. மேடையில் மண் நிறத்தில் ஒரு வானம்பாடி, கழுத்தில் கறுப்புப் பட்டையோடு.

"இதுக்குத்தான் அக்கா அந்தக் குரலெல்லாம். எனக்கில்ல."

ஷூயி மூச்சு விட்டாள். பறவை. பட்டியலிட்டதில் எங்கும் பறவை இல்லை.

சீனாவின் வடக்கே வானம்பாடி வளர்ப்பவர்களுக்கு அதன் சொந்தப் பாட்டு வேண்டியதில்லை. மற்றவற்றின் குரல்தான் வேண்டும், அதுவும் வரிசை மாறாமல். விடியலில் சிட்டுக்குருவிக் கூட்டம், பிறகு மைனா, தகைவிலான் குருவி, முட்டையிட்ட கோழி, தண்ணீர் வண்டியின் சக்கரம், பூனை. வரிசையை முடித்துத் திரும்பத் தொடங்க வேண்டும். நடுவில் வேறு சத்தம் நுழைந்தால் அதற்கு அழுக்கு வாய் என்று பெயர். அழுக்கு வாய்ப் பறவையைப் பக்கத்தில் தொங்க விட்டால் மற்ற பறவைகளும் கற்றுக்கொள்ளும். அதனால் காலையில் எல்லோரும் கூண்டுகளை மாட்டும் பூங்காவில் அதற்கு இடம் கிடையாது. இளம் பறவையைத் தேர்ந்த பறவையின் பக்கத்தில் இருட்டில் வைத்துத்தான் பழக்குவார்கள். தேர்ந்த பறவை கெங்கின் நண்பர் ஹுவோவிடம் இருந்தது.

"ஹுவோ என் பஸ்ல கண்டக்டர். நான் ஓட்டுவேன், அவன் கத்துவான். மகன் வீட்டோட நகரத்துக்கு வெளிய போயிட்டான். ரெண்டு பஸ் மாறணும். கூண்டத் தூக்கிட்டு ரெண்டு பஸ் மாறினா பறவைக்கு ஹாரன்தான் வரும். அதான் அவன் தினம் மத்தியானம் தன் பறவையைப் பாட வெச்சு வீசாட்ல அனுப்புவான். ஒரு நிமிஷத்துக்கு மேல அது வாங்காது, ஒரு சுத்து ஒரு சுத்தா பிச்சு அனுப்புவான். நான் போனக் கூண்டுக்கடியில வெச்சு, கதவச் சாத்திட்டு, அடுத்த ரூம்ல உக்காந்துக்குவேன், முடிஞ்சா உள்ள போய் மறுபடி அழுத்துவேன். இருமல் வந்தாக்கூடத் தலகாணில இருமுவேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. கேளு."

துணியை முழுவதும் எடுத்தார். இருவரும் காத்திருந்தார்கள். பறவை மேடையில் ஒரு சுற்று நடந்தது. பிறகு சிட்டுக்குருவிகள் வந்தன. ஒன்றல்ல, ஒரு மரம் நிறைய. ஷூயிக்குக் கை சிலிர்த்தது. மைனா வந்தது. கோழி முட்டையிட்டுப் பெருமையடித்தது. எண்ணெய் போடாத சக்கரம் தெருவில் போனது. பூனை ஒன்று சுவர் மேலிருந்து நீட்டி அழைத்தது. பூனை முடிந்ததும், மரத்தில் விரல் முட்டியால் தட்டியது போல ஒரு சத்தம்.

டொக்.

"கேட்டியா?" என்றார் கெங்.

ஷூயி கேட்டாள். அவளுக்கு அந்தச் சத்தம் தெரியும்.

"அவன் மருமக வெங்காயம் நறுக்கற சத்தம். சமையக்கட்டு ஜன்னல்ல கூண்ட மாட்டிட்டுப் பதிவு பண்ணியிருக்கான், சோம்பேறிப்பய. நான் கேட்டா, 'எங்க வீட்ல மருமக சமைச்சதே இல்லடா'ங்கறான். ரெண்டு பஸ் மாறி இங்க வந்து நிக்கறான். அவன் போன்ல போட்டுக் காட்டறான். சத்தம் இல்ல. வெட்டி எடுத்துட்டு வந்திருக்கான்! என் போன்ல போட்டா இருக்கு. முப்பது வருஷம் டிக்கெட் கிழிச்சவன், என் காதையே பொய்ங்கறான். எங்கூட இனிமே பேசாதன்னு சொல்லிட்டு, அவன் கண்ணு முன்னாலயே வீசாட்லேர்ந்து நீக்கிட்டேன். சாட்சிக்கு ஒண்ணு மட்டும் தனியா எடுத்து வெச்சிருக்கேன். இரு."

கைப்பேசியை நெற்றிக்கு நேரே தூக்கிப் பிடித்து, தடவித் தேடி, அழுத்தினார். ஹுவோவின் பறவை பாடியது. நிதானமான, பெரிய குரல். பூனை வந்தது. ஒரு நிமிடம் முடிந்தது.

டொக்.

"இப்ப சொல்லு, நீ படிச்சவ. இது கத்தியா இல்லையா?"

ஷூயி தேநீரைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். அது ஆறியிருந்தது.

அந்தச் சத்தத்தைத் தேர்ந்தெடுத்தவள் அவள். எண்ணி சத்தமில்லாமல் எண்ணட்டும் என்றுதான் ஃபாங் சொன்னார். சத்தம் வந்தால் ஜனங்கள் மிரள்வார்கள். எண்ணப்படுகிறோம் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டாமா என்று அவள் கூட்டத்தில் எழுந்து கேட்டாள். முகத்தில் சூடேறும்படி கேட்டாள். கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். ஒரு குரலைக் கேட்டு முடித்ததும் ஒரு சின்னத் தட்டல். மணியோசை, நீர்த்துளி, விசில் எல்லாம் போட்டுப் பார்த்து, யாரையும் தொந்தரவு செய்யாதது என்று மரத்தட்டலை எடுத்தாள். சம்மதப் படிவத்தின் நான்காம் பக்கத்தில் அது எழுதியிருக்கிறது. கெங் எண்ணெயைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டிருப்பார். மகள் காணொளியில்தான் பேசுவாள். ஹுவோவைத் தவிர வேறு யாரும் இவருக்குக் குரல் அனுப்புவதில்லை. ஆகவே ஹுவோவின் குரலில் மட்டும் அந்தத் தட்டல்.

சொல்லாமல் போய்விடலாம். மனிதர்தான், பறவை வளர்க்கிறார், நண்பரோடு சண்டை, அதனால் நின்றது. அறிக்கைக்கு இவ்வளவு போதும். ஃபாங் சிரித்துவிட்டு ஒப்புக்கொள்வார். சொன்னால் ஃபாங்கிடமும் சொல்ல வேண்டியிருக்கும். அவர் சந்தோஷமாக ஒரே நாளில் எல்லாக் கைப்பேசிகளிலும் தட்டலை நிறுத்திவிடுவார். பிறகு எண்ணி யாருக்கும் தெரியாமல் எண்ணிக்கொண்டிருக்கும். தட்டல் வேண்டுமென்று மறுபடி கேட்க அவளுக்கு வாய் இருக்காது.

"பூங்காவுல இப்ப எங்க மாட்டறீங்க?" என்று கேட்டாள்.

"எங்கயும் இல்ல. நான் கூண்டோட வந்தா அவனவன் துணியப் போத்திட்டுக் கிளம்பறான். கொள்ளை நோய்க்காரனப் பாத்த மாதிரி. காலைல கூண்டில்லாம போய் நின்னு பாத்தேன். கூண்டில்லாம அங்க என்ன பண்றதுன்னு தெரியல. வந்துட்டேன்."

"ஹுவோ பெரியப்பா?"

"அவன் எங்க மாட்டினா எனக்கென்ன."

பறவை மறுபடி சிட்டுக்குருவிகளிலிருந்து தொடங்கியது. அவர் எழுந்து துணியைப் போர்த்தினார். இருட்டானதும் அது அடங்கியது.

"உங்க போனக் குடுங்க பெரியப்பா."

"எதுக்கு?"

"குடுங்க."

அவள் எண்ணியைத் தேடி நீக்கினாள். நிச்சயமாக நீக்க வேண்டுமா என்று அது கேட்டது. ஆம். அதன் பிறகு அவர் சாட்சிக்கு வைத்திருந்த குரலை அழுத்தி, முக்காலியில் வைத்தாள். ஹுவோவின் பறவை பாடியது. கெங் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பூனை வந்தது. நீட்டி அழைத்தது. முடிந்தது.

ஒன்றும் இல்லை. தெருவில் யாரோ பழைய பேப்பர் என்று கூவிக்கொண்டு போனார்கள்.

கெங் குனிந்து, தானே மறுபடி அழுத்தினார். பூனைக்குப் பிறகு காதைக் கைப்பேசியிடம் கொண்டுபோனார். மூன்றாவது முறையும் போட்டார்.

"என்ன பண்ணின?"

"அது கத்தி இல்ல பெரியப்பா. எங்க சத்தம். நாங்க வெச்சது. ஒவ்வொரு குரல் முடிஞ்சதும் எண்ணியாச்சுன்னு தட்டும். அது குரலுக்குள்ள இல்ல, உங்க போனுக்குள்ள இருந்தது. நான்தான் வைக்கச் சொன்னேன்."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு மேசை மேலிருந்த எண்ணெய் டப்பாவைப் பார்த்தார். கத்துவார் என்று அவள் காத்திருந்தாள். மூன்றாவது மாடிப் பெண் அதைத்தான் சொன்னாள். அவர் தொப்பியைக் கழற்றினார். தலையில் தொப்பியின் தடம் வட்டமாக இருந்தது.

"பறவை மறந்துடுமா?" என்று ஷூயி கேட்டாள்.

"இறகு மாத்தற வரைக்கும் இருட்டுல வெச்சுப் பாக்கணும். சிலது விடும். பலது விடாது." தொப்பியை மடித்தார். "அவன் ரெண்டு பஸ் மாறி வந்தான். தண்ணிகூடக் குடுக்கல நான்."

"நான் அவர்கிட்ட வந்து சொல்றேன். இப்பவே வேணும்னாலும்."

"நீ யாரு சொல்றதுக்கு? அவனத் திருட்டுப்பயன்னு சொன்னது நீயா?"

கைப்பேசியை எடுத்தார். ஹுவோவின் எண் அவருக்கு மனப்பாடம், அதை அழுத்தித் தேடினார். திரையில் ஹுவோவின் படம் வந்தது. பேருந்து வாசலில் தொங்கிக்கொண்டு, பழைய சீருடையில், வாயைத் திறந்து கத்திக்கொண்டிருந்தார். அதன் கீழே நண்பராகச் சேர்க்கும்படி கேட்கும் பொத்தான். கெங் பொத்தானை அழுத்திவிட்டு, கைப்பேசியை வாய்க்குக் கொண்டுபோய், தொண்டையைச் செருமினார்.

"இதுல பேச முடியாது பெரியப்பா. நீக்கினவங்களுக்குக் குரல் போகாது. எழுதித்தான் கேக்கணும்."

"எழுதியா?"

"ஒரு வரி. அவர் பாத்து ஒத்துக்கிட்டாத்தான்."

கெங் அந்தச் சிறிய வெள்ளைப் பெட்டியைப் பார்த்தார். கைப்பேசியில் அவர் எதுவும் எழுதியதில்லை. எல்லோரிடமும் பேசித்தான் அனுப்புவார். பேசாமல் ஹுவோவிடம் எதுவும் கேட்டதில்லை. கைப்பேசியை அவளிடம் நீட்டினார். நீட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி, கூண்டின் துணியில் இல்லாத சுருக்கத்தை இழுத்து இழுத்துச் சரிசெய்தார்.

ஷூயி விரலைத் திரையின் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"என்ன எழுத, பெரியப்பா?"