ஜீப்பு போன பிறகு

பிள்ளைகள் எல்லாரும் தலையில் எண்ணெய் வழிய, சிலர் நெற்றி நிறையத் திருநீறும் சிலர் கழுத்தில் ஜெபமாலையுமாகப் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வரிசையாகத்தான் நின்றார்கள். வளைவுக்கு அந்தப் பக்கம் எஸ்டேட் ஜீப்பு இரண்டாம் கியரில் உறுமுகிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான், வரிசையைக் காணோம். அதிகாரிக்குப் போட வைத்திருந்த சாமந்தி மாலை தரையில் கிடந்தது. பாதையோரத்துத் தேயிலைச் செடிகள் கொஞ்ச நேரம் ஆடிவிட்டு, ஒன்றும் தெரியாதவை மாதிரி நின்றன.

கொழுந்து எடுக்கும் இருதயம்மாள் வளைவையும் செடிகளையும் மாறி மாறிப் பார்த்தாள். சூரியநெல்லிக்கு மேலே இருக்கும் அந்த எஸ்டேட்டில் தமிழ்ப் பள்ளிக்கூடம் நாலாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்க வேண்டுமென்றால் மூணாறுக்கு அனுப்பி விடுதியில் வைக்க வேண்டும். அது ஆபீஸ் கிளார்க்கு வீட்டுப் பிள்ளைக்கு முடியும், கூலிக்காரர்களின் வரிசை வீடான லயத்துப் பிள்ளைக்கு முடியாது. நாலு முடித்ததும் கையில் சின்னக் கூடையைக் கொடுத்து அரைச் சம்பளத்துக்குத் தேயிலைக் காட்டில் இறக்கிவிடுவார்கள். எமர்ஜென்சி முடிந்து வந்த ஓட்டில் எந்தக் கொடியைப் பிடித்து வந்தவனும் அஞ்சாம் வகுப்பு வாங்கித் தருகிறேன் என்றுதான் கும்பிட்டான். ஓட்டு விழுந்ததும் பேச்சு அமுங்கிவிட்டது. பெண்கள்தான் விடவில்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தில், சர்ச் வாசலில், யூனியன் செயலாளர் செல்லத்துரை டீ குடிக்கும் கடையில் என்று அவரை நிம்மதியாக ஒரு வாய் விழுங்கவிடாமல் இருதயம்மாள் ஓராண்டு கேட்டாள். கடைசியில் கல்வி அதிகாரி வருவதாகச் சொல்லியனுப்பினார். ஒரு வகுப்புக்கு உண்டான பிள்ளைகளை நேரில் பார்த்தால் எழுதி அனுப்புவார். இல்லையென்றால் இனிக் கேட்கக் கூடாது. அதனால்தான் நாலு முடித்துக் காட்டுக்குப் போய்விட்ட பிள்ளைகளையெல்லாம் ஒரு நாள் வேலையை விடவைத்து இழுத்து வந்திருந்தார்கள். அவர்களோடு, இப்போதுதான் நாலு முடித்து இன்னும் காட்டுக்குப் போகாத அவள் மகள் அன்னாளும் ஒருத்தி. அவளுக்கு வாங்கிய சின்னக் கூடை வீட்டுச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. இன்று காரியம் கெட்டால் திங்கட்கிழமை அது அவள் முதுகில் ஏறும்.

ஜீப்பு வந்து நின்றது. முதலில் கிளார்க்கு இன்னாசிராஜ் இறங்கினார். ஆபீசுக்குள் இருக்கும்போது இல்லாத ஒரு அடி உயரம் ஜீப்பிலிருந்து இறங்கும்போது அவருக்கு வந்துவிடும். பின்னால் அதிகாரி இறங்கினார். வெள்ளை வேட்டி, கறுப்புக் குடை, மலைப்பாதையில் குலுங்கி வந்த களைப்பு. ஆளில்லாத முற்றத்தைப் பார்த்தார்.

“குட்டிகள் எவிடே?” பிள்ளைகள் எங்கே என்று மலையாளத்தில் கேட்டார்.

“நான் வழியிலேயே சொன்னேன்ல சார். இதுகளுக்குப் படிப்பெல்லாம் வேண்டாம்” என்றார் இன்னாசிராஜ். அவர் முகத்தில் இருந்த திருப்தியைப் பார்க்க இருதயம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவருடைய அப்பாவும் இதே லயத்தில் ஒழுகுகிற தகரத்துக்குக் கீழே படுத்தவர்தான்.

செல்லத்துரை மாலையை எடுத்துத் தூசி தட்டினார். மேடையில் மைக்கைக் கொடுத்தால் விடாத மனிதர், இப்போது மாலையைப் பார்த்தே பேசினார். “காய்ச்சல் சார். லயம் பூராவும் காய்ச்சல்” என்றார்.

காய்ச்சல் என்று விட்டுவிடலாம். யாருக்கும் பொல்லாப்பு இல்லை. உள்ளதைச் சொன்னால் கங்காணி சும்மா விடமாட்டான், பிள்ளைகளின் அரைச் சம்பளத்தை நம்பி உலை வைக்கிற வீடுகள் அவளைத் திட்டும், நாளைக்குக் கொழுந்து எடுக்க ஏற்றமான சரிவாகப் பார்த்து அவளுக்கு ஒதுக்குவார்கள். இதையெல்லாம் அவள் யோசித்தாள். யோசித்துக்கொண்டிருக்கும்போதே வாய் திறந்துவிட்டது.

“காய்ச்சல் இல்ல சார். ஒளிஞ்சிருக்குதுக.”

“யாரைக் கண்டு?”

“ஜீப்பக் கண்டு. லேபர் ஆபீசர் இந்த ஜீப்புலதான் வருவாக. வயசு பத்தாத பிள்ளைக கொழுந்து எடுக்கத அவுக பாத்துரக் கூடாதுல்லா? சத்தம் கேட்டதும் செடிக்குக் கீழ பூந்துரணும்னு நாங்கதான் பழக்குனோம். என்னைய எங்கம்மா பழக்குனா.”

 டிரைவர் சின்னமுத்து ஸ்டியரிங்கை ரொம்ப அக்கறையாகத் துடைத்தான்.

“இருதயம், என்ன பேசுதன்னு தெரிஞ்சுதான் பேசுதியா?” என்றார் இன்னாசிராஜ்.

“தெரிஞ்சுதான் பேசுதேன், அய்யா.”

அதிகாரி கிளார்க்கை ஒருமுறை, அவளை ஒருமுறை பார்த்தார். “அது என் டிபார்ட்மென்ட் அல்ல. நான் குட்டிகளைப் பார்க்கான் வந்தவன். எல்லாரையும் கூப்பிடு” என்றார்.

இருதயம்மாள் செடிகளின் பக்கம் திரும்பி மகளைக் கூப்பிட்டாள். ஓர் இலைகூட அசையவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டாள். அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. அம்மையே கூப்பிட்டாலும் வரக் கூடாது, ஜீப்பு போன சத்தம் கேட்ட பிறகுதான் எழுந்திருக்க வேண்டும் என்று, கூடை வாங்கிய அன்றே அன்னாளின் காதைத் திருகிச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். தன் பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்கிறதே என்று முதன்முதலாக அவளுக்குக் கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது.

“சார், ஜீப்பு போகணும். அது போனாத்தான் வருங்க.”

“நான் எப்படிப் பார்க்கும்?”

“நீங்க நில்லுங்க. வண்டி மட்டும் போவட்டும்.”

அதிகாரி குடையை ஊன்றிக்கொண்டு அசையாத செடிகளைப் பார்த்தார். பிறகு இன்னாசிராஜிடம், “நிங்களும் கேறிக்கோ” என்றார். கிளார்க்கு ஏறி உட்கார்ந்தார். ஏறும்போது அந்த ஒரு அடி உயரம் அவருக்கு இல்லை. சின்னமுத்து அவரை ஏற்றிக்கொண்டு, தேவைக்கு மேலேயே முடுக்கிச் சத்தம் காட்டிக்கொண்டு, வளைவைத் தாண்டிப் போனான்.

சத்தம் தேய்ந்தது. மறு சரிவில் யாரோ இருமுவது வரைக்கும் கேட்டது. முதலில் ஒரு தலை எழுந்தது, எண்ணெயில் ஒட்டிய இரண்டு இலைகளோடு. பக்கத்தில் இன்னொன்று. பிறகு பச்சைக்குள்ளிருந்து தலைகளாக முளைத்தன. பாவாடையில் மண்ணும், முழங்காலில் கீறலும், அடித்த பவுடரெல்லாம் வியர்வையில் கரைந்த முகமுமாக ஒவ்வொருத்தராகப் பாதைக்கு ஏறி வந்து, அங்கே வெள்ளை வேட்டியோடு ஒரு பெரிய மனிதர் நிற்பதைப் பார்த்து விழித்தார்கள். மறுபடி ஓடுவதா நிற்பதா என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை போலிருந்தது. பக்கத்தில் நின்ற பையன் தலையிலிருந்து ஓர் இலையை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டார். செல்லத்துரை சமயம் பார்த்து மாலையைப் போட்டார்.

எண்ணி முடித்ததும், “ஒரு வகுப்புக்கு உண்டு” என்றார் அதிகாரி. “நான் எழுதும். மேலே உள்ளவர் என்ன செய்யும் என்று எனக்குச் சொல்ல முடியாது.”

“எழுதுங்க சார். மிச்சத்தை நாங்க போய்க் கேட்டுக்கிடுதோம்” என்றாள் இருதயம்மாள். செல்லத்துரை பெருமூச்சு விட்டார். இன்னும் எத்தனை டீ தொண்டையில் சிக்கப் போகிறதோ என்று அவருக்குக் கவலை. அவளுக்கு நாளைய சரிவின் ஏற்றம் ஞாபகத்தில் இருந்தது, இருந்தும் மனசு நிறைந்துதான் இருந்தது.

அதிகாரியைக் கூட்டிப்போக ஜீப்பு திரும்பி வரும் சத்தம் கேட்டது. பிள்ளைகளின் பேச்சு அப்படியே நின்றது. எல்லாக் கண்ணும் செடிப் பக்கம் போய், அதிகாரியிடம் வந்து, மறுபடி செடிக்குப் போனது. ஒருத்தி பக்கத்தில் இருந்தவளின் பாவாடையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். வளைவுக்கு அந்தப் பக்கம் கியர் மாறியது.

“எம்மா, நீ ஏன் உக்காருத?” என்றாள் அன்னாள்.

அப்போதுதான் இருதயம்மாள் குனிந்து பார்த்தாள். அவள் முழங்கால் பாதி மடங்கியிருந்தது, ஒரு கை செடியை விலக்கிப் பிடித்திருந்தது. கிளையை விட்டாள். வளைவில் ஜீப்பின் மூக்கு தெரிந்தபோது, பிள்ளைகள் தலையில் இலைகளோடு பாதை நிறைய நின்றார்கள்.