கன்னேரி ரோட்டில் படப்புக் கறி

போரிவலி நேஷனல் பார்க்ல வாடகை சைக்கிள் எடுத்துச் சுத்துவோம்னு சொன்னது நான்தான். தாராவியில எங்க வீடு ஒரே ரூம். அத்தை, கொழுந்தன், அவன் பொண்டாட்டி, பிள்ளைக எல்லாரும் அதுக்குள்ளதான். கட்டுன புருசன்கிட்ட சிரிச்சுப் பேசக் காட்டைத் தேடிப் போணும். நல்ல பொழப்பு!

அத்தை சும்மா அனுப்புவாளா? முந்தின நாள்தான் எங்க தெருக் கோயில்ல மாடசாமிக்குக் கொடை. எங்களுக்குப் பிள்ளை வேணும்னு அவ நேர்ந்த கிடாயை வெட்டியாச்சு. சாமிக்குப் படைச்ச அந்தப் படப்புக் கறியை நாங்க ரெண்டு பேரும் பொழுது சாயுமுன்ன சாப்பிடணும், ஒரு துண்டு தரையில விழக்கூடாதுன்னு சொல்லி, காத்துக்கருப்பு அண்டாம இருக்க டப்பா மேல கரித்துண்டும் வேப்பிலையும் வச்சு, துணிப்பையில கட்டி மகன் கையில குடுத்தா.

என் வீட்டுக்காரர் பேச்சிராஜா தோல் பட்டறையில பை தைக்கிறவரு. சாமி விசயத்துல அவர அசைக்க முடியாது. பார்க்குக்குள்ள கன்னேரி குகைகிட்ட எங்க உக்காந்தாலும் குரங்குக. "குரங்கு தொட்டா குத்தமாயிரும், வாட்டி"ன்னு என்னையக் கூட்டிக்கிட்டு ஆளில்லாத ஒரு மண்பாதையில இறங்கிட்டாரு. வெயில் வேற தாழ்ந்துக்கிட்டே வருது.

கொஞ்ச தூரத்துல அவரு சைக்கிள் செயின் கழண்டு, ஆளும் விழுந்தாரு. முட்டியில ரத்தம். பையை மட்டும் கீழ விடல. அதை நெஞ்சோட அணைச்சுக்கிட்டே குத்தவச்சு செயினை மாட்டப் பாத்தாரு.

அப்பதான் புதர் அசைஞ்சுது. சிறுத்தை. அவருக்கு நேரா, ஒரு ரூம் தூரந்தான் இருக்கும்.

"அத்தான், எந்திரிங்க. மெதுவா. ஓடிறாதீங்க." கேட்ல இருந்த போர்டை வாசிச்சது நல்லதாப் போச்சு. அவரு எந்திரிச்சாரு. சிறுத்தை ஒரு எட்டு முன்னால வந்துச்சு. அதுக்கு மூக்கு அந்தப் பை மேலதான்.

"பையைத் தூக்கி எறிங்க!"

"படப்புட்டி. பிள்ளைக்குன்னு நேர்ந்தது. எறிஞ்சா நமக்குப் பிறக்குமா?"

அட கூறுகெட்ட மனுசா! எதுக்க சிறுத்தை நிக்குது, இவரு வரம் கேக்காரு. சிறுத்தை இன்னொரு எட்டு வச்சுது. தொண்டைக்குள்ள உறுமுற சத்தம் எனக்குக் கேட்டுச்சு.

சைக்கிளைப் போட்டுட்டுப் போயி, பையை அவரு கையில இருந்து பிடுங்குனேன். அவரு விடல. கையைக் கடிச்சுட்டேன். பிடி விட்டதும் அந்தப் பையைப் பலங்கொண்ட மட்டும் புதர்ப் பக்கமா வீசுனேன். பை அவுந்து, டப்பா திறந்து, கறி பூரா மண்ணுல சிதறிச்சு. சிறுத்தை அந்தப் பக்கம் திரும்புச்சு.

அவரு சட்டையைப் பிடிச்சு இழுத்தேன்; சிறுத்தைக்கு முதுகு காட்டாம ரெண்டு பேரும் பின்பக்கமாவே நடந்தோம். தார் ரோடு வந்ததும் உக்காந்து ஓன்னு அழுதேன்.

"எம் பிள்ளையத் தூக்கிப் போட்டுட்டியேட்டி"ன்னாரு.

"எனக்குப் பிள்ளை ஆசை இல்லையா? ஆறு வருசமா உங்க அம்மா வாயில விழுந்து எந்திரிக்கது நான்தான. நீங்க போயிட்டா நான் யாரை வச்சுக்கிட்டு வாழ? எனக்கு நீங்கதான் வேணும்!"

மனுசன் குனிஞ்சு முட்டி ரத்தத்தைத் துடைச்சாரு. ஜீப்புல வந்த பார்க் காவல்காரங்க எங்களை ஏத்தி, சைக்கிளையும் காலி டப்பாவையும் எடுத்துக் குடுத்தாங்க. டிரெயின்ல கடிபட்ட கையையே பாத்துக்கிட்டு வந்தாரு. இவரு வீட்டுல போயி சொன்னா அத்தை என்னைய வாழ விடமாட்டா. அவருக்குப் பின்னாலயே படியேறுனேன்.

கதவைத் திறந்ததும் அத்தை கேட்டா: "படப்பை ரெண்டு பேரும் சாப்பிட்டியளா? கீழ விழலையே?"

நான் வாயைத் திறக்குமுன்ன, சாமி பேரைச் சொல்லி ஒரு நாளும் பொய் பேசாத அந்த மனுசன் கடிபட்ட கையைப் பின்னால மறைச்சாரு.

"மாடசாமி சத்தியமா, சாப்பிட்டோம்மா. இவதான் எனக்கு ஊட்டிவிட்டா."